நானூற்றுப் பன்னிரண்டு நிறுவல்கள்

சாம்ராஜ்யங்கள் எதிரியின் வாளால் வீழ்ந்ததில்லை. அஸ்திவாரத்தை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு உரிய காலத்தில் விடை சொல்லாததால்தான் வீழ்ந்தன. மனித குலம் கண்ட எல்லா வீழ்ச்சிக்கும் இதுவே காரணம் என்று, உலகப் பயனாளர்களுக்கான பகிரங்கக் கடிதத்தின் முதல் பத்தியை முடித்து ஸ்தாபகர் நிமிர்ந்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீயை அணைத்து, மேடையிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் மனைவி குளிக்கப் போய் ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

ஸ்தாபகர் என்பது ஊர் வைத்த பெயரல்ல. கடிதங்களின் அடியில் அவரே போட்டுக்கொள்வது. பிழைப்புக்கு மூன்று கடைகளின் கணினிகளைப் பழுது பார்த்துவந்தார். அது போக, ஒன்பது வருஷத்துக்கு முன்பு பெரிய சலவைக்கூடங்களுக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை ஆகியவை அழுக்காக எத்தனை வந்தன, வெளுத்து எத்தனை போயின, கிழிந்தவை எத்தனை, காணாமல் போனவை எத்தனை என்று அது சொல்லும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஸ்தாபகர் அதை 'நிறுவன வள மேலாண்மைத் தளம்' என்பார். அவர் மனைவி துணிக்கணக்கு என்பாள்.

இந்த மாதிரி மென்பொருளை யாரும் மண்ணிலிருந்து கட்டி எழுப்புவதில்லை. தூண், உத்தரம், வாசற்கால் எல்லாம் வேறு யாரோ செய்து வைத்திருப்பார்கள். அதை வாங்கி நிறுத்திச் சுவரை மட்டும் நாம் எழுப்பிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் பிரேம்வொர்க். ஸ்தாபகர் நிறுத்தியிருந்த தூண்களைச் செய்தவர்கள், அடுத்த வருஷக் கடைசியோடு அந்தப் பழைய தூண்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நாலு வரியில் அறிவித்துவிட்டார்கள். ஆகவே முடிவெடுக்க வேண்டியிருந்தது: வேறொரு புது பிரேம்வொர்க்குக்கு மாறி எல்லாவற்றையும் திரும்ப எழுதுவதா, பழையதிலேயே எதையாவது செய்து ஒப்பேற்றுவதா.

இந்த முடிவை எடுக்க உதவுவதற்காகத்தான் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. ஒரு பையோடு வந்து இறங்கி, "ரெண்டே வாரம்க்கா, முடிவெடுத்துக் குடுத்துட்டுக் கிளம்பிடுறேன்" என்றான். அது எட்டு மாதத்துக்கு முந்தைய பேச்சு. இப்போது கூடத்து சோபாவில் அவன் படுத்த இடம் பள்ளமாகவே ஆகிவிட்டிருந்தது. அவன் இதற்கு முன் மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்தவன். மூன்றிலும் பிரேம்வொர்க்கை மாற்றிக் கொடுத்தான். மூன்றிலும், மாற்றியது ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டான். புதியதன் மேல் அவனுக்கு இருந்த பக்தியைச் சந்தேகிக்க முடியாது. இந்த எட்டு மாதத்தில் துணிக்கணக்கின் நுழைவுப் பக்கத்தைப் புதிய பிரேம்வொர்க்கில் எழுதிக் காட்டியிருந்தான். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, ஒரு வெளிர்நீலக் கதவு போல வழுக்கித் திறந்தது. கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

இதில் நிஜமாகப் போகக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நாற்காலி.

ஸ்தாபகரின் மனைவி பதினோரு வருஷம் சலவைக்கூடத்தில் ரோலர் முன்னால் நின்றவள். ஈர விரிப்பை இரண்டு பெண்கள் இரண்டு மூலையைப் பிடித்துச் சூடான உருளைக்குள் ஊட்டுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வாங்கி மடிப்பார்கள். நிமிடத்துக்கு ஏழு விரிப்பு. உட்காருவது என்ற வினைச்சொல் அந்தக் கூடத்தில் கிடையாது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சுருண்டு நீலமாக எழும்பி, இரவில் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால்தான் தூக்கம் வரும். ஒரு வருஷமும் நாலு மாதமும் முன்பு, சலவைக்கூட மேலாளர் துணிகள் தொலைகின்றன என்று புலம்பியபோது, "எங்க வீட்டுக்காரர் ஒரு புரோகிராம் வச்சிருக்காரு சார்" என்று அவள்தான் சொன்னாள். புரோகிராம் வந்தது. அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஆளுக்கு ஒரு மேஜை வேண்டும், மேஜைக்கு ஒரு நாற்காலி வேண்டும். அவள் உட்கார்ந்தாள். முதல் நாள் உட்கார்ந்தபோது, எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று விளிம்பில்தான் உட்கார்ந்தாளாம்.

மேஜைக்காரர்கள் வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும், கோட்டு கசங்கியிருக்கக் கூடாது. ஊரார் துணியை மலை மலையாக வெளுத்துத் தேய்க்கும் அந்த இடத்தில் ஊழியர் துணியை ஏற்க மாட்டார்கள். எனவே தினமும் காலை ஆறு மணிக்கு உள்ளறையில் கட்டில் மேல் போர்வையை மடித்துப் போட்டு, அவளே கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போவாள்.

இந்த மாதத் தொடக்கத்தில் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். கதவு நிலையிலேயே கருவி பொருத்திவிடுவார்களாம், துணி அதைத் தாண்டும்போதே தானாக எண்ணிக்கொள்ளுமாம், மேஜை, ஆள் எதுவும் வேண்டாமாம். உங்கள் புரோகிராமின் அடித்தளமே அடுத்த வருஷம் காலாவதி என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்களாம். "நீங்க என்ன செய்யப் போறீங்க, எந்தத் தேதிக்குள்ள செய்வீங்க. ஒரு லெட்டர் குடுங்கம்மா. வர்ற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு பண்ணிடலாம்" என்றார் மேலாளர்.

அவள் அசரவில்லை. இதை நானூற்றுச் சொச்சம் இடத்தில் உபயோகிக்கிறார்கள் சார், பதினாலு நாட்டில் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏனென்றால் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மனைவியின் சலவைக்கூடத்தில் மென்பொருள் ஏறிய வாரம், ஸ்தாபகர் உற்சாகம் தாங்காமல் அதனுள் ஒரு எண்ணியைப் பொருத்தினார். உலகில் எங்கே யார் புதிதாக நிறுவினாலும் அது வீட்டுக்குத் தகவல் அனுப்பும். என்ன மொழியில் நிறுவினார்கள் என்றும் சொல்லும். கூடத்து மேஜையில் அவர் திரையின் மூலையில் அந்த எண் பச்சை நிறத்தில் நின்றது. தினம் விடியும்போது ஒன்று கூடியது. ஒன்றுதான், ஆனால் தவறாமல் ஒன்று. ஒருநாள் போர்த்துக்கீசியம், ஒருநாள் கொரிய மொழி, ஒருநாள் அரபி. வார விடுமுறையன்று மட்டும் கூடவில்லை. பயன்படுத்துகிறவர்கள் விளையாட்டுப் பிள்ளைகளல்ல, முறையான தொழில் நிறுவனங்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று ஸ்தாபகர் கேட்டார். போன மழைக்காலத்தில் மனைவி காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்திருந்தபோது எண்ணும் அசையாமல் படுத்துவிட்டது. அப்போது அவர் கஞ்சிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, உலகளாவிய சலவைத் தொழில் தேக்கம் குறித்து ஒரு கட்டுரை எழுதினார்.

பொறுப்பு இவ்வளவு பெரியதாக இருக்கும்போது அவசரப்பட முடியுமா? ஸ்தாபகரும் மச்சானும் ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டார்கள். முப்பத்தேழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். வேகம், பாதுகாப்பு, கற்கும் எளிமை, எழுதுகிறவரின் மனமகிழ்ச்சி. அட்டவணையை நாலு தாளில் அச்சடித்து ஒட்டிக் கூடத்துச் சுவரில் மாட்ட இடம் வேண்டுமென்று, மழைநாளில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தார்கள். ஈரத் துணி நாற்காலி முதுகுகளுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் குடிபெயர்ந்தது. ஆறு வாரம் வாதாடிக் கூட்டிப் பார்த்தபோது பழையதற்கு எழுபத்தொன்று, புதியதற்கு எழுபத்தொன்று. மனமகிழ்ச்சிக்குக் கூடுதல் எடை தர வேண்டும் என்றான் மச்சான். அப்படியானால் நிலைத்தன்மைக்கும் தர வேண்டும் என்றார் ஸ்தாபகர். மறுபடி முதலிலிருந்து.

பிறகுதான் பகிரங்கக் கடிதம். பாலைப் பலி கொடுத்து எழுதிய அந்தக் கடிதம் நாற்பது நாள் உலகத்தின் கருத்துக்காகத் திறந்து வைக்கப்பட்டது. இரண்டு பதில் வந்தன. ஒருவர் தம் முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டிருந்தார். இன்னொருவர் எங்கோ ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்காரர். கடிதம் முழுக்கப் படித்ததாகவும் புரியவில்லை என்றும், முடிந்தால் அச்சில் வரும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரவும் என்றும் எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி இதை விசாரித்தாள். வெளியே தூறல் விடவில்லை. சோறும் பருப்பும், ஆளுக்கொரு முட்டையும். அன்று மாலை அவள் மேஜையில் உட்காரவே இல்லை. ரோலரில் ஒரு பெண் வராததால் நாலு மணி நேரம் பழைய இடத்தில் நின்றுவிட்டு வந்திருந்தாள். கால்களை எதிர் நாற்காலியில் ஈரத் துவாலைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"நானூத்துப் பதினொரு பேருக்கு லெட்டர் போட்டீங்க. ரெண்டு பேருதான் வாயத் திறந்தாங்களா?"

"மௌனம் சம்மதம்க்கா" என்றான் மச்சான்.

"எதுக்குடா சம்மதம்? மாத்துறதுக்கா, மாத்தாம இருக்கிறதுக்கா?"

மச்சான் முட்டையைப் பிட்டான். இந்தக் கேள்வி அட்டவணையில் இல்லை.

ஸ்தாபகர் விளக்கினார். ஒரு சமூகம் என்பது அப்படித்தான், பெரும்பான்மை எப்போதும் பேசாது, அவர்களுக்காக யோசிப்பதுதான் தலைமை. நாளைக்கு மேலாளரிடம் கொடுக்க வேண்டிய கடிதம் தயார். அதில் வரலாறு இருக்கிறது, கொள்கை இருக்கிறது, நானூற்றுச் சொச்சம் நிறுவனங்கள் இருக்கின்றன. முடிவு மட்டும் பரிசீலனையில் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அவள் கையலம்ப எழுந்திருக்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பேசுவதுபோல் சொன்னாள்.

"எங்க ரோலர்ல பன்னெண்டு பெல்ட்டு. எல்லாம் நைஞ்சு போச்சுன்னு வைங்க. மிஷின நிறுத்தி மொத்தத்தையும் கழட்டினா மூணு நாளு ஓடாது, ஆஸ்பத்திரில விரிப்பு இல்லாம நோயாளி வெறும் மெத்தையில படுப்பாங்க. அதனால மெக்கானிக் என்ன பண்ணுவாரு, சாப்பாட்டு நேரத்துல வந்து தினம் ஒரு பெல்ட்ட மாத்திட்டுப் போவாரு. பன்னெண்டு நாள்ல புது ரோலரு. நடுவுல யாருக்கும் தெரியாது. உங்க தூணு அப்படி ஒண்ணொண்ணா மாத்த வராதா?"

வரும். பழைய பிரேம்வொர்க்கைச் செய்தவர்களே அதன் அடுத்த பதிப்புக்குப் படிப்படியாக ஏறும் வழியை எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியும். அது மூன்றாவது வழியாக அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. ஏனென்றால் அதில் வாதாட ஒன்றும் இல்லை.

"அது வெறும் பராமரிப்புக்கா" என்றான் மச்சான், கெட்ட வார்த்தையை நாகரிகமாகச் சொல்வது போல.

"நான் பண்றது அதான்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் ஆறு மணிக்குக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டினாள். எண் நானூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று, நார்வே மொழி. ஸ்தாபகர் கடிதத்தில் எண்ணைத் திருத்தினார். எட்டு மணிக்கு, தானும் கூட வருவதாக மச்சான் அறிவித்தான். தொழில்நுட்பக் கேள்வி ஏதாவது வந்தால் அக்கா திணறக் கூடாதல்லவா. அவனிடம் சட்டை என்று சொல்லத்தக்கது ஒன்றே இருந்தது. அது பையின் அடியில் எட்டு மாதம் மடிந்து கிடந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான்.

சற்று நேரத்தில் கூடத்திலிருந்து ஸ்தாபகரின் குரல் வந்தது. "ஒண்ணு ஏறிடுச்சு. நானூத்துப் பதிமூணு. ஃபின்லாந்து."

உள்ளறையில் பெட்டி அதிகமாகச் சூடாகி, சட்டைக் காலர் லேசாகத் தீய்ந்த வாசனை வந்திருந்தது. அதனால்தான் மச்சான் ஏற்கெனவே பிளக்கைப் பிடுங்கி ஆறப் போட்டிருந்தான். இப்போது ஆறிவிட்டது, திரும்பச் செருகினான். கைப்பக்கம் தேய்த்தான். பிடுங்கினான்.

"பதினாலு" என்றார் ஸ்தாபகர். எழுந்தே நின்றுவிட்டார். ஒரே நாளில் மூன்று என்பது எண்ணியைப் பொருத்திய நாளிலிருந்து நடந்ததில்லை. "கடிதம் வேலை செய்யுது மச்சான். உலகம் பதில் சொல்ல ஆரம்பிச்சிருச்சு."

தலை வாரிக்கொண்டிருந்த மனைவி உள்ளறை வாசலில் வந்து நின்றாள். அந்த அறையில் மூன்று முள் பிளக்குக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஸ்தாபகரின் சோதனைக் கணினி இருந்தது. பழைய பெட்டி, இரவும் பகலும் ஓட வேண்டியது, ஓடுவதாகவே ஸ்தாபகர் நம்பினார். அதன் வயர் அந்த இடத்தில்தான் செருகியிருக்கும். மச்சான் அதைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்தான். ஆறப் போடும்போதெல்லாம் மறக்காமல் கணினியின் வயரைத் திரும்பச் செருகினான். அந்த ஒழுங்கு அவர்கள் குடும்பத்தில் உண்டு. ஒரு வருஷமும் நாலு மாதமுமாகக் காலை ஆறு மணிக்கு அவளும் அதையேதான் செய்துவந்தாள்.

"தம்பி, அந்த வயர இன்னொரு தடவ பிடுங்கிச் செருகு" என்றாள்.

அவன் பிடுங்கிச் செருகினான். கட்டிலுக்கு அடியில் விசிறி முனகி ஓட ஆரம்பித்தது. சத்தம் கேட்டு ஸ்தாபகர் உள்ளறையை எட்டிப் பார்த்தார். கூடத்தில் பச்சை எண் பதினைந்து ஆயிற்று. ஹங்கேரி.

ஸ்தாபகருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதை அமைத்தவரே அவர்தான். சோதனைக் கணினி ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் தன்னைத் துடைத்தெடுத்து, மென்பொருளைப் புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்புகளையும் சோதிக்க வேண்டுமென்பதால், இருக்கிற பதினாலு மொழிகளில் ஏதாவது ஒன்றைக் குருட்டாம்போக்கில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பதினாலு மொழிபெயர்ப்பையும் முன்னொரு காலத்தில் வேலையில்லாத மாதம் ஒன்றில் அனுப்பி வைத்தவன் மச்சான். அணையாத கணினி என்பதால் இதெல்லாம் ஒரு தடவைதான் நடக்கும் என்பது ஏற்பாடு. சொந்த வீட்டுக் கணினியை எண்ணாதே என்று எண்ணிக்குச் சொல்லி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

மேஜைக்குப் போய்க் கணக்கெடுத்தார். கட்டிலடியைக் கழித்தால் மிச்சம் மூன்று. ஒன்று மனைவியின் சலவைக்கூடம். ஒன்று எழுத்தைப் பெரிதாக்கச் சொன்ன ஆஸ்பத்திரிக்காரர். ஒன்று, முகவரியை நீக்கச் சொன்னவர்.

மச்சான்தான் முதலில் தேறினான். "மூணே பேருன்னா புதுசுக்கு மாத்துறது இன்னும் சுலபம் அத்தான். யாருக்கும் இடைஞ்சல் இல்ல."

"மூணு பேருக்காக எதுக்குய்யா மாத்தணும்?" என்றார் ஸ்தாபகர். குரலில் பழைய தெம்பு இல்லையே தவிர, கட்சி மாறவில்லை.

மணி எட்டே முக்கால். அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மூன்று பக்கம். நானூற்றுப் பன்னிரண்டு நாலு இடத்தில் வந்தது.

"இத எடுத்துருங்க."

"அந்த வரி மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் ஸ்தாபகர், மெதுவாக. "நீ ஏற்கெனவே வாயால சொல்லிட்டதானே."

"தெரியாம சொன்னேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"அத எடுத்துட்டா லெட்டர்ல என்னம்மா இருக்கும்?"

"தேதி இருக்கும். மேனேஜர் கேட்டது தேதிதான்."

அவர் உட்கார்ந்து தட்டினார். அவள் பின்னால் நின்று சொன்னாள். பழைய பிரேம்வொர்க்கின் அடுத்த பதிப்புக்கு ஒவ்வொரு பகுதியாக ஏறுவோம். எட்டு மாதத்தில் முடியும். நடுவில் ஒருநாளும் நிற்காது. இதை உபயோகிப்பவர்கள் மூன்று பேர். நானூறு என்று நான் சொன்னது தவறு. ஆறு வரி. கடைசி வரியைத் தட்டும்போது ஸ்தாபகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடியில் 'ஸ்தாபகர்' என்று போடலாமா என்று கேட்டார். போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

தீய்ந்த காலரோடு வர வேண்டாமென்று தம்பியை நிறுத்திவிட்டு, மழையில் தனியாகப் போனாள்.

மேலாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம். நானூறு எப்படி மூன்றாயிற்று என்று கேட்டாராம். அவள் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி, கட்டில், வயர் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, நாற்பது டன் துணி காய வேண்டியிருக்கிற மழைநாளில் அவருக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பெரிய கம்பெனிக்கு இந்த வாரம் ஒரு சந்தேகம் கேட்க ஐந்து தடவை போன் பண்ணியதாகவும், ஐந்து தடவையும் பாட்டுத்தான் கேட்டதாகவும் சொன்னார். "ஆயிரக்கணக்குல கஸ்டமர் இருக்கிறவன் போன எடுக்க மாட்டேங்குறான். உங்களுக்கு மூணு பேரு. உங்க வீட்டுக்காரர் எடுப்பாரில்ல?"

"வீட்லதான் சார் இருப்பாரு."

ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். ஒரு வருஷத்துக்கு நாற்காலி இருக்கிறது. மேஜைக்குப் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, யாரும் பார்க்காதபடி காலை மேஜைக்கடியில் துவாலை மூட்டை மேல் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மச்சான் கிளம்பினான். எங்கோ ஒரு கம்பெனி பிரேம்வொர்க்கை மாற்றப் போகிறதாம். அட்டவணை இறங்கி, கொடி பழைய இடத்துக்கு வந்தது. ஸ்தாபகர் தினம் ஒரு பகுதியாக ஏற்ற ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்காரருக்காக எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தார். அதற்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அவள் வரும் வழியில் ஒரு நீட்டிப்பு வயர் வாங்கிவந்து கூடத்திலிருந்து இழுத்தாள். கணினியை யாரும் அணைக்க வேண்டியிருக்கவில்லை. நானூற்றுப் பதினைந்து அப்படியே நின்றது. திங்கள் நின்றது, செவ்வாய் நின்றது, பத்து நாள் நின்றது.

பதினோராம் நாள் காலை, மனைவி வேலைக்குப் போன பிறகு, ஸ்தாபகர் உள்ளறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, பிளக்கை ஒரு தடவை பிடுங்கிச் செருகிவிட்டு வந்தார்.